சாக்குக் கழிவு

"குண்டா இருக்கறது வியாதி இல்லைங்க" என்றார் மதுரை இன்சூரன்ஸ் ஆபீஸ்காரர். காசிராஜன் நீட்டிய மருந்துக்கடைச் சீட்டுகளை அவர் தொடக்கூட இல்லை. "வியாதி இல்லாததுக்கு மருந்துச் செலவு தர முடியாது."

"அப்ப டாக்டரு எதுக்கு மாத்திரை எழுதுனாரு?"

"அத டாக்டர்ட்டதான் கேக்கணும்."

டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் காசிராஜன் வந்திருந்தார். அவருடைய மனைவி முத்துமாரியம்மாளுக்கு அடிவயிற்றில் குடலிறக்கம். இருமினால் முஷ்டி அளவுக்குப் புடைத்துக்கொண்டு வரும். கையால் அழுத்தினால்தான் உள்ளே போகும். ஒருநாள் உள்ளே போகாமல் சிக்கிக்கொண்டால் உயிருக்கே வினை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆபரேஷன் செய்யலாம்தான். ஆனால் இந்த எடைக்கு மயக்க மருந்து கொடுக்க அவருக்குப் பயமாக இருந்தது. எடையைக் குறைக்கப் புதிதாக ஒரு மாத்திரை வந்திருக்கிறது, ஆறு மாதம் சாப்பிடட்டும் என்று எழுதிக்கொடுத்தார். ஒரு மாதத்து மாத்திரை வாங்கிய அன்று, மருந்துக்கடைக்காரர் காசிராஜனுக்கு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லிவிட்டுத்தான் விலையைச் சொன்னார்.

"ஆபரேஷன் பண்ணிட்டு வாங்க, செலவைத் தாரோம்" என்றது இன்சூரன்ஸ். "எடையைக் குறைச்சுட்டு வாங்க, ஆபரேஷன் பண்ணிருவோம்" என்றார் டாக்டர். எடை குறைய மாத்திரை வேண்டும். மாத்திரைக்குப் பணம் வேண்டுமென்றால் இன்சூரன்ஸிடம் போக வேண்டும். இப்படியே அந்த மாடிக்கும் இந்த மாடிக்கும் ஏறி இறங்கியதில் காசிராஜனின் எடை குறைந்திருந்தது. அவர் ஏற்கெனவே ஒல்லி.

பக்கத்து மேசைக்காரர் மனமிரங்கினாற்போல எட்டிப் பார்த்தார். "வியாதின்னே வச்சுக்கிட்டாலும், அண்ணாச்சி, அது பாலிசி எடுக்கறதுக்கு முன்னாடியே இருந்த குண்டா, எடுத்ததுக்கு அப்புறம் வந்த குண்டா? முன்னாடியே இருந்ததுன்னா கெடையாது பாத்துக்கங்க."

காரியாபட்டி தாண்டும்வரை காசிராஜன் பஸ்ஸில் இதையே யோசித்துக்கொண்டு வந்தார். கல்யாணத்தன்று அவள் எப்படி இருந்தாள் என்று நினைத்துப் பார்த்தார். மாலைதான் ஞாபகத்துக்கு வந்தது.

அருப்புக்கோட்டையில் அவருக்கு மிளகாய் வத்தல், மல்லி கமிஷன் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. நரிக்குடிப் பக்கத்து விவசாயச் சம்சாரிகள் மூட்டையோடு வந்து இறங்கினால் வத்தல் நெடி அடுப்படிவரை போகும். ஊரில் எல்லோருக்கும் வத்தல் நெடிக்குத் தும்மல் வரும்; முத்துமாரியம்மாளுக்கு இருமல். வியாபாரம் அமோகமாக நடக்கிற நாளெல்லாம் அவள் ஒரு கையால் அடிவயிற்றை அழுத்திக்கொண்டு மறுகையால் சமைத்தாள். உள்ளே இருமல் சத்தம் கேட்டால் காசிராஜன் மூட்டையை இழுக்கிறவர்களைப் பார்த்து, "மெதுவா, மெதுவா" என்பார். வத்தல் உடைந்துவிடும் என்று கவலைப்படுகிறார் போல என்று சம்சாரிகள் நினைத்துக்கொள்வார்கள்.

பாலிசி எடுத்துக்கொடுத்த ஏஜெண்ட் காளிராஜ், முத்துமாரியம்மாளின் அண்ணன் மகன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்ச் மாதக் கடைசியில், ஆள் கணக்கு ஒன்று குறைகிறது என்று அழாத குறையாக வந்து நின்றான். அத்தைக்கு அடுத்த மாதம் அறுபது முடிகிறது, அதற்கப்புறம் எந்தக் கம்பெனியும் புதிதாகச் சேர்க்காது என்றான். வயதான பொம்பளையைச் சேர்க்க எடை எழுத வேண்டும் என்றான். உயரத்துக்கு இவ்வளவு எடை, அதற்குமேல் என்றால் ஆகாது.

எடை பார்க்க எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. கடையில் பிளாட்பாரத் தராசு இருந்தது. அத்தையை ஏற்றினார்கள். எண்பது காட்டியது. காசிராஜன் பழக்கதோஷத்தில், மூட்டைக்குக் கழிக்கிற சாக்குக் கழிவு இரண்டு கிலோவைக் கழித்தார்.

"மாமா, சாக்கு எங்க இருக்கு?"

"சேலை இருக்குல்லடா" என்றார்.

எழுபத்தெட்டு என்று விண்ணப்பப் பாரத்தில் ஏறியது. கம்பெனி வைத்திருந்த கோட்டுக்கு ஒரு கிலோ கீழே.

அந்தத் தராசைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதில் தொங்குகிற கல்லின் வயிற்றில் கொஞ்சம் ஈயம் ஊற்றியிருந்தது. நூறு கிலோ ஏற்றினால் தொண்ணூற்றுமூன்று காட்டும். ஊற்றியவர் காசிராஜனின் அப்பா. காசிராஜன் அதை எடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே அவரைப் பொறுத்தவரை யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அது வாங்குகிற கல். விருதுநகர் வியாபாரிக்கு நிறுத்துக்கொடுக்க, ஈயம் இல்லாத விற்கிற கல் ஒன்று உண்டு. முத்திரை போட அதிகாரி வருகிற அன்றும் அதுதான் தொங்கும். மற்ற நாளில் வீட்டுக்குள் பீரோவுக்கு அடியில் கிடக்கும். பெண்டாட்டியை நிறுத்த அன்று ஈயம் அவர் ஞாபகத்துக்கே வரவில்லை. முப்பது வருஷமாகப் பார்க்கிற தராசு. அது காட்டுவதுதான் எடை என்று அவரே நம்ப ஆரம்பித்து வெகுநாளாகியிருந்தது.

இப்போது வழி சொன்னவனும் காளிராஜ்தான். "மாமா, சும்மா மாத்திரை வாங்குனா தரமாட்டாக. ஒருநா ஆஸ்பத்திரில படுத்து எந்திரிச்சா, அதுக்கப்புறம் ரெண்டு மாச மருந்தும் அந்தச் செலவோட சேந்துரும். அத்தையைப் படுக்க வைங்க."

படுக்க வைத்தார்கள். முத்துமாரியம்மாள் நர்சிங் ஹோமில் இருக்கிறாள் என்று தெரிந்ததும் பஜாரே திரண்டு வந்தது. கையை வீசிக்கொண்டு நோயாளியைப் பார்க்க வருகிற வழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. ஒருத்தர் ஆப்பிள், ஒருத்தர் ஹார்லிக்ஸ், கருப்பட்டி மிட்டாய் ஒரு ஓலைப்பெட்டி. எடை குறையப் படுத்திருக்கிறாள் என்று சொல்ல வெட்கப்பட்டு, உடம்புக்குச் சத்தில்லை என்று காசிராஜன் சொல்லியிருந்தார். சாயங்காலம் இரண்டு வீட்டிலிருந்து ஆட்டுக்கால் சூப்பும் வந்தது. முத்துமாரியம்மாள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

அங்கே எழுதிக்கொடுத்த தாளில் எடை எண்பத்தாறு என்று இருந்தது. அதைத்தான் கம்பெனி கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஒரே வாரத்தில் மதுரையிலிருந்து விசாரிக்க ஆள் வந்தார். பெயர் வீரபத்திரன். பெயருக்குச் சம்பந்தமில்லாமல் மெல்லிய குரலும் ரெக்சின் பையுமாக இருந்தார்.

அவர் வந்த நேரம் கடையில் நல்ல கூட்டம். பந்தல்குடியிலிருந்து மல்லி இறங்கிக்கொண்டிருந்தது. நரிக்குடித் தவசி ஆறு மூட்டை வத்தலோடு, அடுத்தது தன் முறை என்று தராசை ஒட்டி நின்றார்.

"பாரத்துல எழுபத்தெட்டு. ஆஸ்பத்திரில எண்பத்தாறு" என்றார் வீரபத்திரன். "எட்டு கிலோவ மறைச்சு வாங்குன பாலிசின்னு ஆபீசுல சொல்றாங்க. அது நெசம்னா பாலிசியவே ரத்து பண்ணிருவாங்க. நாளைக்கு ஆபரேஷனுக்கும் கெடைக்காது."

காளிராஜ் தயாராக இருந்தான். "சார், அது அப்புறம் வந்த குண்டு சார். பாலிசிக்கு அப்புறம் பெருத்துட்டாக. புது வியாதி. இல்ல மாமா?"

"ஆமா" என்றார் காசிராஜன். "ரெண்டு வருசமா நல்லாத் திங்கிறா."

உள்ளே பாத்திரம் ஒன்று தரையில் உட்கார்ந்த சத்தம் கேட்டது. முத்துமாரியம்மாள் வாசற்படிக்கு வந்தாள். "என்ன திங்கிறேன்?" என்றாள். "ரெண்டு வருசமா ராத்திரிக்கு ஒரு டம்ளர் கேப்பைக்கூழு. அதுக்கு மேல என்ன திங்கிறேன், சொல்லுங்க. இவுக சொல்றாகளே, அதையும் எழுதிக்கங்க சார்."

வீரபத்திரன் எழுதவில்லை. "அன்னைக்கு எங்க எடை பாத்தீங்க?" என்று கேட்டார்.

"இங்கதான் சார்" என்றான் காளிராஜ் பெருமையாக. "மாமா தராசுல."

"அப்ப லேசாப் போச்சு. அதே தராசுல இப்ப நிக்கச் சொல்லுங்க. அதுக்கப்புறம் பெருத்ததுன்னா இங்கயும் கூடத்தான காட்டணும்?"

காசிராஜன் காளிராஜைப் பார்த்தார். காளிராஜ் விட்டத்தைப் பார்த்தான். "பொம்பளைய, இத்தனை ஆம்பளைக்கு முன்னால..." என்று காசிராஜன் ஆரம்பித்தார். அதற்குள் அவள் வந்து, தராசின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, பிளாட்பாரத்தில் ஏறி நின்றுவிட்டாள். மல்லி மூட்டைக்காரர்கள் மரியாதைக்குத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். கண்ணைத் திருப்பவில்லை.

தண்டு ஆடி நின்றது. எண்பது.

"ஆஸ்பத்திரில போன வாரம் எண்பத்தாறு" என்றார் வீரபத்திரன். "ஒரே வாரத்துல ஆறு கிலோ. இப்பிடிக் கொறையிறவங்களுக்கு மாத்திரை எதுக்குங்க?"

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கச் சொல்லவில்லை. குரலைத் தாழ்த்தி, ஆனால் கடை முழுக்கக் கேட்கும்படி, "அண்ணாச்சி, எனக்கு அம்மா மேல சந்தேகமில்ல. தராசு தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. தெரியாம நடந்ததுன்னு ஆயிரும், பாலிசி நிக்கும். தராசு சரிதான்னா, நீங்க மறைச்சதாத்தான் நான் எழுதணும். வேற வழியில்ல" என்றார்.

காசிராஜனுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. குண்டை வியாதி இல்லை என்ற கம்பெனி மேல், மாத்திரை எழுதிய டாக்டர் மேல், மார்ச் மாதத்தின் மேல், செத்துப்போன அப்பா மேல். தராசு தப்பு என்று தனியாக ஒரு அறையில் சொல்லச் சொன்னால் சொல்லியிருப்பார். இங்கே ஆறு மூட்டையோடு தவசி நிற்கிறார். போன வருஷமும் நின்றார், அதற்கு முந்தின வருஷமும்.

"அண்ணாச்சி" என்றார் தவசி, நிதானமாக. "தராசுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. பழசாயிருச்சு. மழைக்காலத்துல ஈரம் கீரம் இருந்தா..."

"மழை எங்க பேஞ்சது?" என்றார் தவசி.

அப்போதுதான் முத்துமாரியம்மாளுக்கு இருமல் வந்தது. ஒரு கையால் கம்பத்தையும் மறுகையால் அடிவயிற்றையும் பிடித்துக்கொண்டு இருமினாள். ஒவ்வொரு இருமலுக்கும் தண்டு டக், டக் என்று மேலும் கீழும் அடித்தது. ஆடுகிற தண்டைப் பார்த்தால் காசிராஜனின் விரல், தோதான இடத்தில் நிறுத்த, தானாக நீளும். இப்போதும் நீண்டது. பாதியில் அவள் பார்ப்பதைப் பார்த்து நின்றுவிட்டது.

இருமல் அடங்கியும் அவள் இறங்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, சந்தைக்குப் போகிறவரிடம் சாமான் சொல்லிவிடுகிற குரலில், "ஏங்க, உள்ள பீரோவுக்கு அடியில கெடக்குல்ல, அந்தக் கல்ல எடுத்துட்டு வாங்க" என்றாள். "நான் நிக்கிறேன்."

வீரபத்திரன் பேனா மூடியைக் கழற்றிப் பையின் மேல் வைத்தார். காளிராஜ் வாசல்பக்கமாக ஓர் அடி நகர்ந்தான். காசிராஜன் வீட்டுக்குள் போகிற நிலைப்படிவரை போய், ஒரு கையை நிலையில் ஊன்றி நின்றார். வெயிலில் இருந்த கண்ணுக்கு உள்ளே ஒன்றும் தெரியவில்லை. பீரோவின் கால் மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

பின்னால் வத்தல் நொறுங்குகிற மெல்லிய சத்தம் கேட்டது. தவசி தன் மூட்டையின் மேல் உட்கார்ந்து, தலைத்துண்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டார். கடைசி பஸ்ஸுவரை அவருக்கு நேரம் இருந்தது.