எல்லைக்கு அப்பால் கரண்ட்

ஷிபுவின் பெயர் உலகத்துக்குத் தெரிய வெள்ளிக்கிழமை மாலை வரை நேரம் இருந்தது.

மார்த்தாண்டத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். ரவுட்டர்களுக்கான இலவச இயங்குதளம் ஒன்றைப் பல நாட்டு ஆட்கள் சேர்ந்து எழுதிவந்தார்கள். கையகலச் சர்க்யூட் போர்டு ஒன்றில் மட்டும் அது ஓடாது. ஓடவைக்கிறேன் என்று ஷிபு ஏற்று எட்டு மாதம் ஆயிற்று. போர்டை ஜெர்மனிக்காரர் ஒருவர் தபாலில் அனுப்பியிருந்தார். ஷிபுவின் மின்னஞ்சல்களை அவர் நம்பிவிட்டார். வெள்ளிக்குள் ஓடினால் அடுத்த வெளியீட்டில் சேரும், எழுதியவன் பெயரோடு.

அது 2012. தமிழ்நாட்டில் கரண்ட் இருப்பதுதான் செய்தி. போர்டில் மென்பொருளை ஏற்றும்போது கரண்ட் போனால் போர்டு செத்துவிடும். ஷிபு யோசித்து வழி கண்டுபிடித்தான். எல்லையிலிருக்கும் களியக்காவிளையைத் தாண்டினால் கேரள கரண்ட். பாறசாலையில் நண்பன் ததேயுஸின் வீடு.

"கரண்டு தேடி கேரளாவுக்கா போறிய?" என்றாள் மனைவி டெல்சி.

பெரிய காரியம் செய்கிறவர்கள் தூரம் பார்ப்பதில்லை. பைக்கில் கிளம்பினான்.

வியாழன் மாலை ஆறரைக்கு ஏற்றத் தொடங்கினான். அறுபது சதவீதத்தில் விளக்கு அணைந்தது. கேரளாவிலும் தினம் அரைமணி நேரம் மின்வெட்டு. கேட்டிருந்தால் ததேயுஸ் சொல்லியிருப்பான். ஷிபு வந்ததிலிருந்து தன் சாதனையைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தான்.

லேப்டாப் அதன் பாட்டரியில் ஓடியது. போர்டு செத்திருந்தது.

ததேயுஸ் மெழுகுவர்த்தியோடு வந்து, போர்டுக்கு எத்தனை வோல்ட் என்று விசாரித்தான். பன்னிரண்டு என்றான் ஷிபு.

"பின்ன, நீ ஏறி வந்த பைக்குல பன்னிரண்டு வோல்ட்டு பாட்டரி உண்டும்லா மக்கா?"

ஷிபு முற்றத்தில் நின்ற பைக்கைப் பார்த்தான். அரைமணி நேரம் அதன்மேல்தான் உட்கார்ந்து வந்திருந்தான்.

கரண்ட் வந்தது. போர்டு வரவில்லை. ஆனால் செவ்வாயன்று மென்பொருள் அதில் ஓரளவு ஓடியிருந்தது. அதன்பிறகு மாற்றியது ஒரே ஒரு வரி. சோதித்தேன், ஓடுகிறது என்று குழுவுக்கு எழுதினால் மறுக்க ஆள் இல்லை. எழுதினான். வாசித்துப் பார்த்தான். அழகாக இருந்தது. அதை நம்பி யாரோ தன் போர்டில் ஏற்றுவான், ஜெர்மனிக்காரர் இவனை நம்பியதுபோல.

அழித்தான். சோதிக்கவில்லை, போர்டு என் கையில் செத்தது, இந்த வெளியீட்டில் சேர்க்க வேண்டாம் என்று எழுதினான். காரணத்தையும், பைக் உட்பட, மறைக்காமல் எழுதி அனுப்பினான்.

ததேயுஸ் சாப்பிடக் கூப்பிட்டான். மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் குழம்பும். இந்தத் துக்கத்தில் ஒரு வாய்கூட இறங்காது என்று நினைத்து உட்கார்ந்தான் ஷிபு. மூன்று முறை கேட்டு வாங்கினான்.