ஜெபத்துக்கு வந்த லிஃப்ட்

அடுப்பில் பால் பொங்குகிற நேரமாகப் பார்த்துத்தான் அந்தப் போன் வரும். எடுக்காமலே லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவிக்குத் தெரியும், நாலாவது மாடி டீச்சரின் புருஷன்தான். கட்டிலில் சாய்ந்திருந்த மெக்கானிக் இல்லை என்று கையை ஆட்டினார். ஜெபத்தில் இருக்கிறேன் என்று சொல்லச் சொன்னார். இரண்டு கண்ணும் திறந்திருக்க, கையில் டீ டம்ளரோடு அது என்ன ஜெபமோ! அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அதையே சொன்னாள்.

மெக்கானிக் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, வீண் பேச்சு கிடையாது. சபையில் அவர் ஜெபிக்க எழுந்தால் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். வேலை என்று வந்தால்தான் வில்லங்கம். யார் கூப்பிட்டாலும், "தேவசித்தமானா நாளைக்கு வர்றேன்" என்பார். அந்த நாளை வரவே வராது. முடியாது என்று சொல்லக் கூச்சம், போய்ச் செய்யச் சோம்பல். நடுவில் ஆண்டவரை நிறுத்திவிட்டு இவர் நழுவிவிடுவார். போதாததற்கு இப்போது சபையில் பெரிய நற்செய்திக் கூட்டம் வேறு. மேடை விளக்கு முழுக்க அவர் பொறுப்பு. ஆண்டவர் வேலை முதலில், மற்றதெல்லாம் அப்புறம் என்று அவளிடம் உபதேசம் செய்தார்.

மற்றது என்றால் டீச்சரின் கால். விபத்தில் எலும்பு முறிந்து, கட்டுப் பிரித்து, சக்கர நாற்காலியில் இருந்தாள் டீச்சர். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பயிற்சி செய்தே ஆக வேண்டும், விட்டால் முட்டி இறுகிவிடும், அப்புறம் காலமெல்லாம் கம்புதான் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். நாலு மாடி இறங்க அவள் கட்டடத்து லிஃப்ட் ஓட வேண்டுமே! அது நின்றதோ கதவு லாக் பழுதாகி. கதவு சரியாகப் பூட்டாவிட்டால் லிஃப்ட் நகராது, அவ்வளவுதான் கோளாறு. புது லாக்கை மெக்கானிக் எப்போதோ வாங்கிவிட்டார். அது அவர் வண்டிப் பெட்டிக்குள் கிடந்து உருண்டுகொண்டிருந்தது. ஒருநாள் டீச்சரை நாற்காலியோடு தூக்கி இறக்கப் பார்த்தார்கள். படித் திருப்பத்தில் தூக்கியவருக்குக் கால் வழுக்க, டீச்சர் போட்ட அலறலில் அந்த யோசனையையே கைவிட்டார்கள்.

இன்றைக்குப் போனில் டீச்சரின் புருஷன் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நாங்க உங்க சபைக்கு வர்றவங்க இல்லம்மா. தெரியாமத்தான் கேக்குறேன். சித்தமானா வர்றேன், சித்தமானா வர்றேன்னு சொல்றாரே, உங்க சாமிக்கு என் பொண்டாட்டி மேல அப்படி என்ன கோவம்?"

பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. அவளுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. புருஷனிடம் சொன்னதற்கு, விசுவாசம் இல்லாத உலகத்தார் அப்படித்தான் பேசுவார்கள் என்று சொல்லிவிட்டு, மேடைக்கான பல்புகளை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார். அவள் அடுப்பைத் தேய் தேய் என்று தேய்த்தாள்.

அன்று மாலை ஜெபக்கூட்டம் அவர்கள் வீட்டில்தான். போதகர் ஜெபக் குறிப்புகளைக் கேட்டார். டீச்சர் குடியிருக்கும் கட்டடத்தில் கீழ்வீட்டுக்காரி ஒருத்தி, சபைக்குப் புதியவள், தயங்கித் தயங்கிச் சொன்னாள். மேலே ஒரு டீச்சர் இறங்க வழியில்லாமல் அழுகிறாள், யாரோ ஒரு மெக்கானிக் வருகிறேன் வருகிறேன் என்று ஏய்க்கிறானாம், அந்த லிஃப்டுக்காக ஜெபிக்க வேண்டும். அந்த யாரோ எதிரேயே உட்கார்ந்திருப்பது பாவம் அவளுக்குத் தெரியாது.

மெக்கானிக் தொண்டையைச் செருமினார். இப்போதாவது வாயைத் திறந்து, அது நான்தான் என்று சொல்லிவிடுவார் என்று மனைவி காத்திருந்தாள். போதகரோ விஷயம் தெரியாமல் அவரையே ஜெபிக்கச் சொன்னார். மெக்கானிக் கண்ணை மூடினார். மூடியவர் உருக ஆரம்பித்துவிட்டார்!

"ஆண்டவரே, அந்த லிஃப்டைத் தொடும். அந்த மெக்கானிக்கோட கல் மனசையும்..."

"போதும், நிறுத்துங்க."

எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். நிறுத்தச் சொன்னது மெக்கானிக்கின் மனைவி.

"இந்த ஜெபத்துக்கு ஆண்டவர் எப்பவோ பதில் குடுத்துட்டாருங்க. அது நம்ம வண்டிப் பெட்டியில கெடந்து உருளுது. எந்திரிச்சுப் போய் மாட்டுங்க. நீங்க போகலன்னா, ஆண்டவரே வரலன்னுதான் அவங்க நெனைக்கிறாங்க."

மெக்கானிக் தலை கவிழ்ந்தது. கீழ்வீட்டுக்காரி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். போதகர் பைபிளை மூடி வைத்தார். பிறகு, "கெளம்புங்க பிரதர். ஆமென் அங்க போய்ச் சொல்லிக்கலாம்" என்றார்.

வண்டியில் அவளும் பின்னால் ஏறிக்கொண்டாள், லாக்கை மடியில் வைத்துக்கொண்டு. விட்டால் வழியில் இன்னொரு சபை ஊழியம் முளைத்துவிடும் என்று பயம். அங்கே போய்ப் பார்த்தால் எவ்வளவு சின்ன வேலை! பழையதைக் கழற்றினார், புதியதைப் பூட்டினார், கதவை இரண்டு தடவை திறந்து மூடினார். இதற்கா ஒரு பெண் இத்தனை நாள் அழுதாள் என்று அவளுக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

லிஃப்ட் மேலே போய், டீச்சரோடும் அவள் புருஷனோடும் கீழே இறங்கியது. டீச்சர் வாசலில் நாற்காலியை நிறுத்தித் தெருவையே பார்த்தாள். பிறகு காலை மடக்கிப் பார்த்தாள். முட்டி கொஞ்சம்தான் மடங்கியது. மெக்கானிக் அதைப் பார்த்தார். பார்க்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

டீச்சரின் புருஷன் பக்கத்தில் வந்து, "உங்க சாமிக்குக் கோவம் தீந்துருச்சா சார்?" என்று கேட்டார்.

மெக்கானிக் கிரீஸ் கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவருக்கு மொத நாளே சித்தம்தான் சார். எனக்குத்தான் இல்ல. என் சோம்பலுக்கு அவர் பேரை வெச்சுட்டேன். விசுவாசம் வாயில இருந்து என்ன பிரயோஜனம், கையில இல்லையே. என்னை மன்னிச்சிருங்க."