வலது விளக்கைப் போட்டுவிட்டுத் திரும்பாதவர்

இந்தக் காலத்து மனுஷர்களுக்கு ஒரு கடுதாசி வந்தால் போதும். எதிரே நிற்கிற ஆளை விட்டுவிட்டுக் கடுதாசியை நம்புவார்கள். அதில் ரப்பர் முத்திரையும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கட்டின பொண்டாட்டியும் அப்படித்தான்.

செங்கோடன் சங்ககிரியில் தன் வீட்டு இரும்புக் கேட்டுக்கு வெளியே நான்கு நாளாக நின்றுகொண்டிருந்தது அதனால்தான். அவர் இன்னும் வீடு வந்து சேரவில்லை என்று வந்துசேர்ந்தோர் அலுவலகத்திலிருந்து கடுதாசி வந்திருந்தது.

நாற்பது வருஷம் லாரி ஓட்டியவர். இறங்கி இருபத்துநான்கு வருஷம் ஆகிறது. கடைசி நடை நாக்பூரிலிருந்து ஆரஞ்சு ஏற்றி வந்தது. அந்த நடையிலிருந்துதான் அவர் இன்னும் வரவில்லையாம்.

கேட்டுக்கு உள்ளே நின்று அவர் பொண்டாட்டி பாவாயி கடுதாசியை மறுபடியும் படித்தாள்.

"தெளிவாத்தானுங்க போட்டிருக்குது. வந்து சேரலைன்னு."

"அப்ப இருவத்திநாலு வருசமா உள்ள உக்காந்து உன்ற கையில சோறு தின்னது ஆரு?"

"அதத்தானுங்க நானும் நாலு நாளா ரோசனை பண்ணீட்டு இருக்கறேன்."

"என்ற மூஞ்சியப் பாரு புள்ள."

பாவாயி பார்த்தாள். நிதானமாகத்தான் பார்த்தாள்.

"அவரும் இப்படித்தான் இருப்பாருங்க. வரட்டும். வந்ததும் நீங்க வந்துட்டுப் போனீங்கன்னு சொல்றேன்."

கோபம் வந்தால் செங்கோடன் கத்த மாட்டார். செருப்பை உதறி மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கிளம்பினார்.

வந்துசேர்ந்தோர் அலுவலகம் மூடிக்கிடந்த சினிமாக் கொட்டகைக்குப் பின்னால் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு அறைக் கட்டடம். உள்ளே ஒரே கூடம். கண்ணுக்கு எட்டின வரை கூடம். நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. கோட்டுக்கு ஒரு பக்கம் அமெரிக்கச் சாலை விதிப்படி நடக்கிற அமெரிக்கப் பிரிவு. இன்னொரு பக்கம் ஐரோப்பாப் பிரிவு.

"எந்தப் பிரிவு?" என்றார் வாசல் காவலாளி.

"சங்ககிரி."

"அப்படி ஒரு பிரிவு கிடையாது. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"ரெண்டு பேரும் வலது பக்கமா ஓட்டறவங்க. நான் எடது பக்கமா வந்தவன். நம்மளுக்குச் சொல்லிக் குடுத்தது இங்கிலீசுக்காரனல்லொ?"

"அவங்களுக்கு மேல தனி மாடி இருக்கு."

"அங்க போறேன்."

"படிக்கட்டு கட்டல."

செங்கோடன் முதலில் அமெரிக்கப் பக்கம் போனார். அங்கே எல்லாம் அகலம். அதிகாரியின் மேசை அடுத்த ஊர் தூரத்தில் தெரிந்தது. தரை வளைவே இல்லாமல் நேராகப் போனது. ஓரத்தில் நடப்பதற்கு இடம் விடவில்லை. நடந்து வருகிற ஆள் ஒருவன் இருப்பான் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அவர் நடக்க நடக்க, நெரிசலைக் குறைப்பதற்காக ஆட்கள் வந்து இன்னொரு தடம் போட்டார்கள். தடம் கூடியதும் நெரிசலும் கூடியது. நெரிசலில் செங்கோடன் ஒருவர்தான் இருந்தார்.

பாதி வழியில் ஒரு நாற்சந்தி. நான்கு பக்கமும் எட்டு மூலைச் சிவப்புப் பலகை. எல்லாரும் நிற்க வேண்டும். முதலில் வந்தவர் முதலில் போகலாம். ஒன்றாக வந்தால், தனக்கு வலது கைப்பக்கம் நிற்பவருக்கு வழிவிட வேண்டும்.

நான்கு பேர் ஒன்றாக வந்தார்கள். செங்கோடன், பால் கேனோடு ஒருவர், கோப்போடு ஒரு டீச்சர், கையில் ஸ்டியரிங்கை மட்டும் பிடித்திருந்த ஒருவர். நான்கு பேருக்கும் வலது கைப்பக்கம் ஒருவர் இருந்தார். அதனால் நான்கு பேரும் நின்றார்கள்.

பால் தயிரானது. தயிர் புளித்தது.

"எத்தனை நேரமுங்க இப்படி?" என்றார் செங்கோடன்.

"எங்களுக்கு முன்னாடி நின்ன நாலு பேரும் இங்கயே ரிட்டயர் ஆனாங்க," என்றார் டீச்சர். "நல்ல மனுஷங்க. கடைசி வரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் முந்தல."

செங்கோடன் மூன்று பேரின் கண்ணையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு வாயாலேயே "பாம்" என்று ஒரு ஹாரன் அடித்துவிட்டு நடுவே போனார். அவர் போனதும் பால்காரர் போனார். டீச்சர் போனார். ஸ்டியரிங்கும் போனது. ஒருவர் மேல் ஒருவர் இடிக்கவில்லை. சந்தி காலியானது. எங்கோ உயரத்தில் ஒரு மணி அடித்தது. குற்றம் பதிவாகிவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

அமெரிக்கப் பிரிவு அதிகாரி தீர்த்தகிரி கோப்பைத் திறந்து வைத்திருந்தார்.

"கடைசி நடையில ஆதிலாபாத்துக்குப் பத்து மைல் முன்னாடி வலது விளக்குப் போட்டிருக்கீங்க பெரியவரே."

"ஆமாங்க. பின்னால ஒரு வெள்ளைக் கார் வந்துது. எதுக்க வண்டி இல்லை, முந்தி ஏறிப் போடான்னு போட்டேன். லாரிக்காரன் எல்லாரும் அப்படித்தானுங்க போடுவோம்."

"வலது விளக்குப் போட்டா வலது பக்கம் திரும்பணும்."

"அங்க திரும்பறதுக்கு ரோடே இல்லீங்க. கெணறுதான் இருந்துது."

"திரும்பல. அதனால வண்டி இன்னும் அங்கதான் நிக்குது. விளக்கு மினுக்கிட்டு இருக்குது. நீங்க உள்ள உக்காந்திருக்கீங்க."

"அந்த வண்டிய நான் வித்துப்போட்டனே!"

"திரும்பறதுக்கு நிக்கிற வண்டியை விக்க முடியாது."

செங்கோடன் வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஐரோப்பாப் பக்கம் கால் வைத்தார். அங்கே எல்லாம் ஒடுக்கம். மேசை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் நேராகப் போக முடியாது. வேகமாக வருகிறவர்களை மெதுவாக்க வேண்டும் என்று வழியை வேண்டுமென்றே வளைத்து, நடுநடுவே பூந்தொட்டி வைத்திருந்தார்கள்.

"எம்பத்திமூணு வயசு," என்றார் செங்கோடன் பூந்தொட்டியிடம். "இதுக்கு மேல எப்படி மெதுவாப் போறது?"

அடுத்து தரையில் வெள்ளை வரிகள். அவர் முதல் வரியில் காலை வைத்ததும் கூடமே நின்றது. மின்விசிறி நின்றது. முத்திரை குத்திக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது. அவர் கடக்கும்வரை எல்லாரும் மூச்சை அடக்கிக் காத்திருந்தார்கள். செங்கோடனுக்குச் சந்தேகம் வந்தது. லாரிக்காரனுக்கு ஒரு அலுவலகத்தில் இவ்வளவு மரியாதை கொடுத்தால் பின்னால் ஏதோ இருக்கிறது.

வரிகளுக்கு அப்பால் ஒரு பலகை. தலைகீழ் முக்கோணம். சிவப்பு விளிம்பு. உள்ளே வெறும் வெள்ளை.

"இதுல ஒண்ணுமே எழுதலையே?"

"எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியணும்னுதான்," என்றார் ஐரோப்பாப் பிரிவு அதிகாரி எஸ்தர் அம்மாள். "ஒண்ணும் இல்லைன்னா வழி விடுங்கன்னு அர்த்தம்."

"ஆருக்கு?"

"தூணைச் சுத்துறவங்களுக்கு."

மேசைக்கு முன்னால் ஒரு தூண் இருந்தது. அதை ஒருவர் சுற்றிக்கொண்டிருந்தார். உள்ளே சுற்றுகிறவருக்குத்தான் முன்னுரிமை. வெளியே போகிற வழி எது என்று அவருக்கு மறந்துவிட்டது. ஆனாலும் முன்னுரிமை இருந்ததால் சந்தோஷமாகவே சுற்றினார். செங்கோடன் அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார். அவர் அழுதுகொண்டே போனார். மறுபடியும் மணி அடித்தது.

"இங்க சிக்னல் சிவப்பா இருந்தா வலது பக்கம்கூடத் திரும்பக் கூடாது," என்றார் எஸ்தர் அம்மாள். "அந்தப் பக்கத்துக்காரங்ககிட்ட நின்னு பாத்துட்டுத் திரும்பலாம். அதுதான் எங்களுக்குள்ள சண்டை."

தீர்த்தகிரியும் தன் மேசையோடு கோட்டருகே வந்துவிட்டார். இரண்டு பேரும் ஆளுக்கொரு படிவத்தை நீட்டினார்கள்.

"இதுல கையெழுத்துப் போடுங்க," என்றார் தீர்த்தகிரி. "இப்பவே வலது பக்கம் திரும்பிடலாம். நானூறு மைல் நேர் ரோடு. கடைசியில ஒரு வீடு. லாரி நிறுத்தத் தனிக் கொட்டகை. கொட்டகைக்குப் பின்னாடிதான் வீடே. நாப்பது வருஷம் நீங்க ஓட்டினது அத்தனையும் செல்லும்."

"பாவாயி?"

"நடந்து வரவங்களுக்கு அங்க வழி இல்லை."

"எங்களோடதுல போடுங்க," என்றார் எஸ்தர் அம்மாள். "சின்னச் சந்து. கல் பாவின தரை. வண்டியே விட மாட்டோம். உங்க வீட்டுக்காரம்மா நடந்து வந்திடலாம். நீங்க சேர்ந்தாச்சுன்னு இன்னைக்கே கடுதாசி போட்டுடறேன். கேட்டைத் திறந்திடுவாங்க."

"என்ற லாரி?"

"லாரி அந்தச் சந்துல நுழையாது. அதனால நீங்க லாரி ஓட்டினதே இல்லைன்னு எழுதிக்குவோம்."

செங்கோடன் இரண்டு படிவத்தையும் வாங்கவில்லை.

"அந்த வெள்ளைக் கார் என்னாச்சு?"

"எந்தக் கார்?"

"எனக்குப் பின்னால வந்தது. நான் வெளக்குப் போட்டதும் ஏறிப் போனது. கோப்பைப் பாருங்க."

தீர்த்தகிரி பார்த்தார். எஸ்தர் அம்மாளும் எட்டிப் பார்த்தார்.

"அஞ்சு பேர். அதுல ஒரு கைக்குழந்தை. நல்லபடியா ஊர் போய்ச் சேர்ந்துட்டாங்க."

"எந்த விதிப்படி சேர்ந்தாங்க? உம்மோடதா, இந்தம்மாவோடதா?"

இரண்டு பேரும் தாளைப் புரட்டினார்கள்.

"அது வேற கோப்பு," என்றார் தீர்த்தகிரி.

"அவங்களை நான் அனுப்பி வெச்சேன். அவங்க சேர்ந்தாச்சு. அனுப்பினவன் மட்டும் அங்கயே நிக்கறனா? நல்லா இருக்குதய்யா உங்க நாயம்."

செங்கோடன் திரும்பினார். தூணைச் சுற்றவில்லை. சந்தியில் நிற்கவில்லை. வெள்ளைக் கோட்டின் மேலேயே நேராக வாசலைப் பார்த்து நடந்தார். கூடத்தில் மணிகள் வரிசையாக அடிக்க ஆரம்பித்தன.

"கையெழுத்துப் போடாமப் போகக் கூடாது!" என்று கத்தினார் தீர்த்தகிரி. "நீங்க இன்னும் வந்தே சேரலை!"

"வராதவன் எப்படிங்க போவான்? நீங்க ஆரைப் புடிக்கறீங்க?"

தீர்த்தகிரி விதிப் புத்தகத்தைப் பார்த்தார். அதில் இதற்கு விதி இல்லை. எஸ்தர் அம்மாளின் புத்தகத்தில் ஒரு பலகை இருந்தது. உள்ளே வெறும் வெள்ளை. அவர் வழி விட்டார்.

வீட்டுக் கேட்டுக்கு உள்ளே பாவாயி நின்றிருந்தாள்.

"வந்துட்டீங்களா?"

"இல்லை."

"அப்பத் தொறக்க முடியாதுங்க. கடுதாசிக்கு நான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கறேன்."

"தொறக்க வேண்டாம். நான் உள்ள வர்லை. நீ வெளிய வா."

பாவாயி யோசித்தாள். வெளியே வரக் கூடாது என்று கடுதாசியில் எதுவும் இல்லை. உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். குண்டானிலிருந்த புளிச்சோற்றைத் தூக்குப்போசியில் போட்டாள். கேட்டைத் திறக்காமல், பக்கத்துச் சுவரிலிருந்த விரிசல் வழியாக ஒருக்களித்து வெளியே வந்தாள்.

"எங்கீங்க போறோம்?"

"ஆதிலாபாத்துக்கு. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல இருக்குது. வண்டி அங்க நிக்குதாமா. நான் உள்ள உக்காந்திருக்கறனாமா."

"நம்பறீங்களா?"

"ஆரு நம்பறது? கண்ணுல பாக்காம ஆரு சொன்னாலும் நம்ப மாட்டேன்."

"போயி, அங்க நீங்க உக்காந்திருந்தா?"

"எறங்கச் சொல்லிப்போட்டு நான் ஓட்டீட்டு வருவேன்."

"ரெண்டு பேருக்குமா சோறு பத்தாதுங்க."

"அவன் தின்ன மாட்டான். அவனுக்குத்தான் நீ இருவத்திநாலு வருசமா ஆக்கிப் போடவே இல்லையே."

பாவாயி தூக்குப்போசியைக் கை மாற்றிக்கொண்டாள். வெயிலில் தார் இளகியிருந்தது. வடக்கே போகிற சாலையைப் பிடித்து நடந்தார்கள். ஊர் எல்லையில் ஒரு மைல்கல். செங்கோடனுக்கு எழுத்துத் தகராறு. ஆனால் மைல்கல் மட்டும் எந்த மொழியில் இருந்தாலும் படித்துவிடுவார்.

ஆதிலாபாத், சுழியம் கிலோமீட்டர் என்று போட்டிருந்தது.

பாவாயி நின்றாள். "வந்து சேர்ந்தாச்சுங்களா?"

செங்கோடன் கல்லை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதையும் அவனுகதான் நட்டிருப்பானுக," என்றார். "நட."