அப்ரினைக் காட்டும் நேரம்

அப்ரினைத் தேனிக்குக் கொண்டுபோய் நாற்பத்தேழு மணி நேரம் ஆகியிருந்தது. பிறந்து பன்னிரண்டு நாளான பிள்ளை அங்கே பச்சிளங்குழந்தைகள் பிரிவில், கண்ணாடிப் பெட்டிக்குள். பெற்றவள் நிலோபர் கம்பத்தில் வேறொரு ஆஸ்பத்திரியில். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட அன்றே இவளுக்கு ஆபரேஷன் தையல் சீழ் பிடித்துப் பிரிந்துவிட்டது. நடுவில் ஒரு செல்போன்.

டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது, நேரில் வரமுடியாத தாய்மாரை வீடியோவில் கூப்பிடுவது தேனியில் அந்தப் பிரிவின் வழக்கம். சும்மா பார்ப்பதற்கு மட்டும் அல்ல, கேட்கவும் சொல்லவும்தான். நேற்று நிலோபர் வாயே திறக்கவில்லை.

இன்று போனைப் பிடித்திருந்தது மாமியார் மெஹராஜ். திரையில் நர்ஸ் ஏஞ்சல் வந்தாள்.

"பாப்பாகிட்ட பேசுங்கம்மா. உங்க குரல் கேக்கட்டும்."

பிள்ளையின் மூக்கில் குழாய். விலா குழிந்து குழிந்து எழுந்தது. "அப்ரின்..." என்றாள் நிலோபர். மேலே வரவில்லை.

"பாட்டா படிக்கச் சொன்னாக? பேரையாச்சும் சத்தமாச் சொல்லு தாயி. எம்மகன்கிட்ட மட்டும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கப் பேசுறவதான நீ."

பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். அந்த நேரம் பார்த்துப் பிள்ளையின் விலா நின்றது.

"மாமி, மூச்சு இல்ல மாமி!"

"டவருடி. டவருதான் இல்ல."

நிலோபர் திரையை விரலால் தட்டினாள். திரை மறுபடி அசைந்து, விலா எழுந்த பிறகுதான் அவளும் மூச்சு விட்டாள்.

டாக்டர் கிருபாவதியின் முகம் வந்தது. பின்னால் பச்சைக் கவுனில் ரபீக், நிலோபரின் கணவன்.

"ரத்தத்துல கிருமி இருக்கு. எந்தக் கிருமின்னு ரிசல்ட் வர ரெண்டு நாளாகும். அதுவரைக்கும் யூகிச்சுத்தான் மருந்து போடணும். இப்பப் போடுறது கேக்கல. பாப்பா தாங்குறது கஷ்டம். அதான் திரும்பக் கேக்குறேன். தாய்ப்பாலைத் தவிர வாயில ஏதாவது குடுத்தீங்களா? தேன், சீனித்தண்ணி, நாட்டு மருந்து?"

மெஹராஜ் முந்திக்கொண்டார். "ஒண்ணும் இல்லங்க டாக்டரம்மா. சேனைன்னு நாக்குல ஒரு சொட்டுத் தேனு தொட்டு வைக்கவே விடலயே இந்தப் புள்ள. காலேஜு படிச்சவ. கை கழுவிட்டு வாங்கன்னு என்னையவே வெரட்டுவா."

"நேத்தே சொன்னேன்ல டாக்டர்," என்றான் ரபீக். "அவ அதெல்லாம் செய்யமாட்டா."

வியாழக்கிழமை காலையில் மாமி உத்தமபாளையத்துக்கு ஒரு மௌத்துக்கு, துக்கம் கேட்கப் போயிருந்தார். பிள்ளை விடாமல் வீறிட்டது. உதடு நீலம் பாய்ந்த மாதிரி இருந்தது. எதிர்வீட்டு ராஜாத்தி தெருவில் நின்று, "வா, வா, அந்தாளு போயிரப் போறான்," என்று கூப்பிட்டாள். இரண்டு நிமிட வேலை. அதன்பின் பிள்ளை அயர்ந்து தூங்கியது. அன்றைக்கு நிலோபருக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை காய்ச்சல்.

சொன்னால் ரபீக் இனி எந்தக் கண்ணால் அவளைப் பார்ப்பான்? பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், ஊர் அவளுக்கு வைக்கப்போகும் பெயர் என்ன? நேற்று முழுக்க இதையே நினைத்துக்கொண்டு கிடந்தாள். சொல்லாமல் விட்டால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதை நினைக்கத் துணியவில்லை.

"சரி, அப்ப வேற வழியில்ல. இதையே தொடர்ந்து பாப்போம்," என்று டாக்டர் திரும்பினார். ஏஞ்சலின் விரல் போனை அணைக்க வந்தது.

"டாக்டர்!"

வார்டே திரும்பிப் பார்த்தது. அடிவயிற்றில் தையல் சுரீரென்று இழுத்தது. நிலோபர் மாமியின் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"போயிராதீக. குடுத்தேன்."

"ஏத்தா, என்ன சொல்ற?" என்றார் மெஹராஜ்.

ரபீக்கின் முகம் திரைக்குக் கிட்டத்தில் வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கழுதைப்பால் குடுத்தேன் டாக்டர். காய்ச்சாம, கறந்த சூட்டோட, ஒரு சங்கு. என் கையாலதான் ஊத்துனேன்."