கத்தியா, பல்லா

ஓக் மரத்து இலை அணில் காதளவு விரிந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் மக்காச்சோளம் விதைத்தாக வேண்டும். அந்த வருஷம் இலை சுண்டெலிக் காதளவு வந்தும் என் நிலத்தில் ஏர் இறங்கவில்லை. பனிக்காலத்தில் நெஞ்சுச் சளி கண்டு என் கணவர் போய்விட்டார். காளை ஜோடி இருந்தது, பிடிக்கக் கை இல்லை. நான் ஆள் கேட்காத வீடு இல்லை. எல்லாரும் தங்கள் நிலத்தைக் காட்டிக் கையை விரித்தார்கள். விதைக்காவிட்டால் நிலத்தை விற்றுவிட்டு இரண்டு மகள்களோடு யார் வீட்டிலாவது துணி துவைக்கப் போக வேண்டியதுதான்.

அந்த நேரத்தில்தான் ஜாபெஸ் ஆற்றுப் பாதையில் நடந்து வந்து, வேலிக்கு வெளியே நின்று வேலை கேட்டான். முப்பது வயதிருக்கும். மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினான். தொப்பிக்கு அடியில் காதுகளை மூடி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்ட பின்னல் குல்லாய் ஒன்று இருந்தது. அதைக் கழற்றவில்லை.

வெளியூர் ஆளைப் பத்து நாளுக்கு மேல் வீட்டில் வைத்திருக்க ஊர்ப் பெரியவர்கள் சம்மதிக்க வேண்டும். இல்லையென்றால் எல்லைவரை நடத்திக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். பாதி நிலத்தையாவது உழுவானே என்று அவனைச் சேர்த்துக்கொண்டேன்.

வேலையில் குறை சொல்ல முடியாது. காளைகள் அவனுக்கு இரண்டே நாளில் பழகின. ஆனாலும் என் மனம் பழகவில்லை, கண்ணுகளா. அவன் மாட்டுக் கொட்டகையில் படுத்தான். நான் கதவுக்குக் குறுக்கே ராட்டையை இழுத்துப் போட்டுவிட்டுப் படுத்தேன். தாழ்வாரத்தில் இருந்த உப்புக்கறிப் பீப்பாயின் மூடிமேல் என் தலைமுடி ஒன்றைக் குறுக்கே வைத்துவிடுவேன். யாராவது மூடியைத் தொட்டால் முடி விழுந்துவிடும். தினமும் காலையில் முதல் வேலையாக அதைப் போய்ப் பார்ப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபக் கூட்டத்தில் ஆண்கள் எல்லாரும் வெறுந்தலையாக நின்றார்கள், இவன் மட்டும் குல்லாயோடு நின்றான். வெளியே வந்ததும் பேச்சு தொடங்கிவிட்டது. தலையை மூடிக்கொண்டு ஜெபிக்கிறவன் குவேக்கர் என்கிற, எங்கள் ஊருக்கு ஆகாத சபையைச் சேர்ந்தவன்தான் என்றார்கள் சிலர். தெற்கே புகையிலை விளைகிற நாட்டில் பன்றி திருடினால் காதை மரத்தில் ஆணியடித்து அறுப்பார்கள், அப்படிப்பட்டவனாக இருக்கும் என்றார்கள் வேறு சிலர். என் பன்றிகள் காட்டில் மேய்வது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

எங்கள் ஊரில் எல்லார் பன்றியும் காட்டில்தான் திரியும். எது யாருடையது என்று காது வெட்டை வைத்துத்தான் தெரியும். அவரவர் வெட்டு ஊர்ப் புத்தகத்தில் எழுதியிருக்கும். என் கணவருக்குக் குட்டி அலறுவது தாங்காது; அதனால் எங்கள் வீட்டில் காது வெட்டுவது எப்போதும் நான்தான்.

ஏழாம் நாள் எலிஃபலெட் என்ற வியாபாரி படகில் பன்றிகள் கொண்டுவந்தான். ஈனுகிற பன்றி ஒன்று எனக்குத் தேவைப்பட்டது. என் கணவரின் கம்பளிக் கோட்டை அதற்கு மாற்றாகத் தருவதாகப் பேசி முடித்தேன். கோட்டை நீட்டப் போகும்போது, கூட வந்த ஜாபெஸ் பன்றியின் காதை விரலால் தடவிவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"அம்மா, இந்தக் காத ரெண்டு தடவ வெட்டியிருக்காங்க. பழைய வெட்டு உள்ள இருக்கு, முடி மொளச்சிருக்கு பாருங்க. ஓரத்துல இருக்கறது இந்த மாசத்து வெட்டு."

எலிஃபலெட் சிரித்தான். "பன்னிக் காதப் பத்தி இவ்வளவு படிச்சவன் எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சானோ. யோவ், மொதல்ல உன் காதக் காட்டுய்யா. அதுல என்ன எழுதியிருக்குன்னு நாங்களும் படிக்கிறோம்."

படகுத்துறையில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜாபெஸ் குல்லாயின் முடிச்சை இறுக்கிக்கொண்டான்.

ஊர்ப் பன்றிகளைக் கண்காணிக்கிற ஏமஸ் புத்தகத்தோடு வந்தார். பழைய வெட்டு, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஒரு வீட்டுடையது. அவர் அந்தப் பக்கத்தைத் தேடி எடுப்பதற்குள்ளேயே எலிஃபலெட் பன்றியை விட்டுவிட்டுப் படகைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். கோட்டு எனக்கு மிஞ்சியது. நிம்மதி மிஞ்சவில்லை. திருட்டு வெட்டைத் தொட்டுப் பார்த்தே கண்டுபிடிக்கிறவன் அதை எங்கே கற்றான்?

பத்தாம் நாள் பெரியவர்கள் கூடினார்கள். குல்லாயைக் கழற்றச் சொன்னார் ஏமஸ். ஜாபெஸ் மெதுவாக முடிச்சை அவிழ்த்தான். வலது காதில் மேல் பாதி இல்லை.

சின்ன வயதில் பன்றி கடித்துவிட்டது என்றான், தரையைப் பார்த்தபடி.

ஏமஸ் என் பக்கம் திரும்பினார். "டெமரிஸ், இந்த ஊர்ல உன் அளவுக்குக் காது வெட்டினவங்க யாருமில்ல. கிட்டப் போய்ப் பாத்துச் சொல்லு. கத்தியா, பல்லா?"

போய்ப் பார்த்தேன். பல் கடித்தால் சதை கிழிந்து கோணலாக ஆறும். இது நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. அதற்குக் கீழே ஆறிப்போன சின்னத் துளை, ஆணியளவு. அவனிடமிருந்து என் நிலத்து மண் வாசனை வந்தது. அவன் கெஞ்சவில்லை, என்னைப் பார்க்கக்கூட இல்லை.

படகுத்துறையில் இவன் பேசாமல் இருந்திருந்தால் யாரும் இவன் காதைக் கேட்டிருக்க மாட்டார்கள். திருட்டுப் பன்றி என் கொட்டகையில் நின்றிருக்கும், இன்றைக்கு இந்த இடத்தில் நான் நின்றிருப்பேன். அது தெரிந்துதான் பேசினான்.

"பல்லு," என்றேன்.

ஏமஸ் அவன் காதை ஒரு தடவையும் என்னை ஒரு தடவையும் பார்த்தார். "எந்தப் பன்னிக்கும்மா இவ்வளவு நேரான பல்லு?"

"பசியில்லாத பன்னி போலிருக்கு. நிதானமாக் கடிச்சிருக்கு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஏமஸ் சிரிக்கவில்லை. ஒரு வருஷத்துக்குச் சம்மதம் என்றும், பன்றி ஒன்று காணாமல் போனாலும் நான்தான் பொறுப்பு என்றும் எழுதினார்.

வேலிவரை வந்த பிறகுதான் ஜாபெஸ் கேட்டான். "ஆணித் தழும்பையும் பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன். கெழக்குப் பக்கம் இன்னும் உழல. போய்க் காளையப் பூட்டு."

விதைத்தோம், விளைந்தது. ஆனால் பொய் எதற்கு, அறுவடை வரைக்கும் நான் பீப்பாய் மூடியில் முடி வைப்பதை நிறுத்தவில்லை. என் முடி செம்பட்டை. ஒரு நாள் காலையில் மூடிமேல் கிடந்தது கறுப்பு முடி. அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ராத்திரிக் காத்துல உங்க முடி விழுந்துருச்சும்மா. தேடினேன், கெடைக்கல. காலைல பாத்துட்டு நீங்க பதறுவீங்கன்னு என்னோடத வெச்சேன்."

முதல் நாளிலிருந்தே அவனுக்குத் தெரியும்.

அவன் கொட்டகைக்குப் போன பிறகு பீப்பாயைத் திறந்து துண்டுகளை எண்ணினேன். எல்லாம் இருந்தது. அன்றைக்கும் எண்ணத்தான் செய்தேன், கண்ணுகளா. அதன் பிறகு முடி வைக்கவில்லை.