அண்ணன் கேட்ட கப்பல்

வடதுருவத்தை ஒட்டிய எங்கள் பனிப் பிரதேசத்தின் அமைச்சர் ரோடா கனயுக்கிடம் யாரும் அவ்வளவு எளிதாகக் காரியம் சாதித்துவிட முடியாது. சுரங்கக் கம்பெனிக்காரர்கள் கோட்டும் சூட்டுமாக வந்து மணிக்கணக்கில் பேசுவார்கள். அவள் தேநீரை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "யோசிக்கிறேன்" என்பாள், அதோடு சரி. ஆனால் தசியூக் ஊர் மேயர் தொலைபேசியில் "தங்கச்சி" என்று கூப்பிட்டால் போதும், அந்த இரும்பு இளகிவிடும். அவன் அவளைவிட ஒரு மாமாங்கம் இளையவன் என்பதுதான் வேடிக்கை.

ரோடாவின் சொந்த அண்ணன் தூலுகாக் விடலைப் பருவத்திலேயே காய்ச்சலில் போய்விட்டான். அதே குளிர்காலத்தில் தசியூக்கில் ஒரு குழந்தை பிறந்தது. அதற்குத் தூலுகாக் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வந்தால் ஆளும் வந்தமாதிரிதான் எங்களுக்கு. அன்றிலிருந்து ரோடாவின் அம்மா மியாலி அந்தப் பிள்ளைக்கு ஆண்டுதோறும் தோல் பூட்ஸ் தைத்து அனுப்புகிறாள். அவன்தான் இன்றைய மேயர். தேவாலய ஏட்டில் பெயர் சீமியோனி, ஆனால் மியாலிக்கு மகன், ரோடாவுக்கு அண்ணன். ரோடாவின் சித்தி மகளான எனக்கும் அண்ணன் முறைதான். ஆனால் எனக்கு அவனைப் பிடிக்காது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அந்த ரகம்.

நான் ரோடாவின் அலுவலக உதவியாளர், லீட்டியா. வெளியாட்கள் முன்னால் "மினிஸ்டர்", கதவைச் சாத்தினால் "அக்கா".

எங்கள் ஊர்களின் விளக்கும் வெப்பமும் வருடம் ஒருமுறை கப்பலில் வரும் டீசலில்தான். அந்த வருடம் எண்ணெய்க் கப்பல் தெற்கில் இயந்திரம் பழுதாகிக் கிடந்து, கோடை முழுக்கப் போன பிறகு வந்து சேர்ந்தது. மற்ற ஊர்களுக்கெல்லாம் டீசல் இறக்கியாயிற்று. பாக்கி இரண்டே ஊர்கள்: தசியூக்கும், நாங்கள் பிறந்த நுவுக்காட்டும். கடல் உறைவதற்குள் ஓர் ஊருக்கு நிச்சயம் இறக்கலாம், இன்னொன்று காற்றின் தயவு என்றான் கேப்டன்.

துறைச் செயலாளர் மெர்வின் வரைபடத்தை மேசையில் விரித்தார். தெற்கத்தி மனிதர்தான், ஆனால் இங்கேயே தாடி நரைத்தவர்.

"மினிஸ்டர், நுவுக்காட்ல கடல் ஆழம் கம்மி. முதல்ல உறையறது அதுதான். தசியூக் ஆழம், இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். அதனால முதல்ல உங்க ஊரு, அப்புறம் தசியூக்."

"எங்க ஊருன்னு சொல்லாதீங்க. நுவுக்காட்னு சொல்லுங்க."

"எப்பிடிச் சொன்னாலும் அது ஆழம் கம்மிதான்."

ரோடா தலையாட்டினாள். அவளுக்குத் தெரியாததா? அந்தக் கரையில் வளர்ந்தவள். மறுநாள் காலை கையெழுத்துப் போடுவதாகச் சொல்லி அனுப்பினாள்.

மதியம் அவள் உலர்ந்த மீனைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. கையெல்லாம் எண்ணெய், அதனால் ஒலிபெருக்கியைப் போடச் சொன்னாள்.

"தங்கச்சி, சாப்டியா?"

"சாப்டுட்டே இருக்கேண்ணே. அம்மா அனுப்புன மீனு."

"எனக்கும் வந்துச்சே. உனக்கு வாலு, எனக்குத் தலை. அண்ணன்னா சும்மாவா?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"கப்பலு முதல்ல இங்க வரட்டும்மா. போன வருஷமும் நாங்கதான் கடைசி. 'உன் தங்கச்சி மந்திரியா இருந்து என்னய்யா பிரயோஜனம்'னு ஊரே கேக்குது. தலை நிமிர முடியல."

"அங்க ஆழம் இருக்குண்ணே. நீங்க கொஞ்சம் பொறுக்கலாம்…"

"இதுவரைக்கும் உங்கிட்ட ஏதாச்சும் கேட்டிருக்கேனா?"

மீன் தலையைத் தவிர அவன் எதுவும் கேட்டதில்லை என்பது உண்மைதான். ரோடா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே கொடி, கடலை உறையவிடாத தெற்குக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"சரிண்ணே," என்றாள்.

இணைப்பைத் துண்டித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அக்கா, அவருக்கு மேயர் எலக்ஷன் வருது. அதுக்குத்தான் இந்த அண்ணன் வேஷம். உனக்குப் புரியலையா?"

"செத்துப்போனவன் திரும்பி வந்து, வாயத் தொறந்து ஒண்ணே ஒண்ணு கேக்குறான்டீ. இல்லைன்னு எப்பிடிச் சொல்லுவேன்?"

என்னிடம் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன், அதுதான் எரிச்சல்.

மெர்வினுக்கு அவள் வேறு காரணம் சொன்னாள். "சொந்த ஊருக்கு முதல்ல அனுப்புனா சபையில என்னை உரிச்சு உப்பு தடவிடுவாங்க." அவருக்கு அது புரிந்தது. எங்கள் சட்டசபையில் கட்சி கிடையாது. உறுப்பினர்களே ரகசிய வாக்குப் போட்டு அமைச்சர்களை ஏற்றுவார்கள், பிடிக்காவிட்டால் அதே கையால் இறக்குவார்கள். எப்போதும் அவளைக் குதறும் உறுப்பினர்கூட அன்று எழுந்து, தன் ஊருக்கு முதல் பந்தி போடாத அமைச்சரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். ரோடா தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

தசியூக்கில் டீசல் இறக்கி முடிந்த அன்று காற்று மாறி வடக்கிலிருந்து அடிக்க ஆரம்பித்தது.

கப்பல் நுவுக்காட்டுக்கு வந்தபோது கடல் ஆறிய கஞ்சிபோலக் கெட்டித்துக் கிடந்தது. கப்பலிலிருந்து கரைக்கு எண்ணெய்க் குழாயை மிதக்கவிட்டுத்தான் இறக்க வேண்டும். மிதக்கவிட்ட குழாயைப் புதுப் பனிக்கட்டி அறுத்தது. இன்னொரு குழாயை விட்டார்கள், அதையும் அறுத்தது. இனி நின்றால் கப்பலே சிக்கிக்கொள்ளும் என்று கேப்டன் கிளம்பிவிட்டான். என் தம்பி கரையிலிருந்து தொலைபேசியில் சொன்னான்: "அக்கா, கப்பல் விளக்கு சின்னதாயிட்டே போகுது. யாரும் ஒண்ணும் பேசல."

பிறகு விமானத்தில் பீப்பாய் பீப்பாயாக அனுப்பினோம். ஓர் ஊரின் மின்நிலையத்துக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. முதலில் தெருவிளக்கை அணைத்தார்கள். அடுத்து வீடுகளுக்கு முறை வைத்து மின்சாரம். சூரியன் போய்விட்ட மாதம் அது, நண்பகலிலும் இருட்டு. ஊர் வானொலியில் ஒரு கிழவர் பேசினார்: "ரோடா நல்ல பேரு வாங்கிட்டா. நாங்க போர்வை வாங்கிக்கிட்டோம்." ரோடா அதைக் கேட்டுவிட்டு வானொலியை அணைக்காமல் மேலும் கேட்டாள். எனக்குத்தான் தாங்கவில்லை.

டிசம்பரில் பனிப்புயல் வந்து விமானமும் நின்றது. ஜெனரேட்டரும் நின்றது. ஊரே பள்ளிக்கூடத்தில் ஒண்டியது, மியாலியும்தான். புயல் ஓய்ந்தும் விமானம் இறங்க முடியவில்லை. ஓடுதளத்துப் பனியைத் தள்ளும் வண்டிக்கு டீசல் இல்லை.

சபை கூடுவதற்குச் சற்று முன்பு தசியூக்கிலிருந்து அவன் கூப்பிட்டான்.

"தங்கச்சி, நானும் இன்னொருத்தனும் ரெண்டு ஸ்னோமொபைல் பனிவண்டில கிளம்புறோம். பின்னாடி டீசல் பீப்பா கட்டியாச்சு. தள்ளுற வண்டிக்குப் போதும், ஜெனரேட்டரையும் கொஞ்சம் ஓட்டிக்கலாம்."

"மலைவழியா போங்கண்ணே."

"அது சுத்து. அதுக்குள்ள அங்க தண்ணிக் குழாயெல்லாம் உறைஞ்சு வெடிச்சிடும். அம்மா குளிர்ல உக்காந்திருக்கா. கடல் வழியாத்தான்."

"கடல்ல ஐஸ் இன்னும் கெட்டியாப் பிடிக்கல. போகாதீங்க. அமைச்சரா சொல்றேன்."

"அண்ணன் பேச்சைக் கேட்டுத்தான அமைச்சரு இப்பிடி மாட்டிக்கிட்டா?" அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "நான் செஞ்சத நாந்தாம்மா சரி பண்ணணும்."

"அப்போ தங்கச்சியா சொல்றேன். போகாதீங்க."

"தங்கச்சி அண்ணனுக்கு உத்தரவு போடுறது எந்த ஊர்ல நடக்குது?" என்று வைத்துவிட்டான்.

ஓட்டுக்காக ஒருவன் அந்தப் பனியில் இறங்க மாட்டான். அவன் தேர்தலில்கூட ஏற்கெனவே ஜெயித்திருந்தான்.

மணி அடித்தது. அவள் உள்ளே போக வேண்டியிருந்தது. குப்பை வண்டிக்கான ஒதுக்கீட்டைப் பற்றிக் கேள்விகள். நான் அவளுக்குப் பின்வரிசையில் கைபேசியோடு உட்கார்ந்தேன். வண்டிகளில் இருந்த கருவி, அவை இருக்கும் இடத்தைக் கைபேசிப் படத்தில் இரண்டு புள்ளியாகக் காட்டியது. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலில் நகர்ந்தன. ரோடா எழுந்து பதில் சொல்வாள், உட்காருவாள், திரும்பி என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையசைப்பேன்.

நுவுக்காட் விரிகுடாவின் வாயில் ஒரு புள்ளி நின்றது. மற்றது சுற்றிச் சுற்றி வந்தது. அவள் குப்பை வண்டியின் டயரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். குரலில் பிசிறு இல்லை. வெகுநேரத்துக்குப் பிறகு சுற்றிய புள்ளி மட்டும் கரையேறி ஊருக்குள் போய்ச் சேர்ந்தது. கடலில் நின்ற புள்ளி அணைந்துவிட்டது.

அவள் திரும்பினாள். என்னால் தலையசைக்க முடியவில்லை.

சற்று நேரத்தில் மெர்வின் கையில் துண்டுச்சீட்டுடன் வந்து சபாநாயகரிடம் கொடுத்தார். பாவம், அவருக்கு முதல் செய்திதான் வந்திருந்தது. நுவுக்காட்டில் ஜெனரேட்டர் ஓடுகிறது, விளக்கு வந்துவிட்டது என்று சபாநாயகர் வாசித்ததும் எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். அந்தச் சத்தத்தின் நடுவே ரோடா என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தாள்: எத்தனை வண்டி?

நான் ஒரு விரலைக் காட்டினேன்.

அவள் சபாநாயகரிடம்கூடச் சொல்லாமல் எழுந்து வெளியே வந்தாள். நடைபாதையில் சுவரில் சாய்ந்து அம்மாவை அழைத்தாள். ஒலிபெருக்கியைப் போட்டுக் கைபேசியை நான்தான் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, எந்த வண்டி…"

"தெரியும்டீ. கூட வந்தவன் சொல்லிட்டான்." மியாலியின் குரல் தெளிவாக இருந்தது. "உங்கண்ணன்தான் பின்னாடி வந்தானாம். முன்வண்டி தாண்டிப் போனதும் அவனுக்கு அடியில ஐஸ் விட்டுடுச்சு. நான் வீட்டுக்கு வந்துட்டேன். எல்லார் வீட்லயும் விளக்கு எரியுது."

"நான்தாம்மா. அவர் கேட்டாருன்னு கப்பல அங்க அனுப்புனேன். இல்லைன்னு சொல்லியிருந்தா உயிரோட இருப்பாரு."

"எம் புள்ள கேட்டான், நீ குடுத்த. அவ்வளவுதான்."

உள்ளே மறுபடியும் மேசை தட்டினார்கள். தொலைபேசியில் மியாலி நடக்கும் சத்தமும், சுவிட்ச் விழும் சத்தமும் கேட்டன.

"அம்மா? கரன்ட் போயிடுச்சா?"

"இல்ல, நான்தான் அணைச்சேன். அவன் கொண்டாந்த எண்ணெய்டீ இது. இந்த வெளிச்சத்துல என்னால உக்கார முடியல."