கிளாஸ் மேல் வைக்காத அட்டை

ப்ராக் நகரத்து மணிக்கூண்டில் ஒவ்வொரு மணி அடிக்கும்போதும், ஏசுவின் சீடர்களான பன்னிரண்டு அப்போஸ்தலர் பொம்மைகளும் சன்னலில் வந்து போகும். அதைப் பார்க்க வேண்டுமென்பது கல்யாண நாளிலிருந்தே எனக்கு ஆசை. எங்கள் ஊர் ஓஸ்ட்ராவாவிலிருந்து பஸ் ஏறி வந்தால், நாலு மணி அடித்தபோது எங்களுக்கு முன்னால் நின்றவர்கள் தூக்கிப் பிடித்த செல்போன்கள்தான் தெரிந்தன. ஐந்து மணியையும் விட்டால் ஊருக்குப் பஸ் கிளம்பிவிடும்.

"ஒரே ஒரு பீர்டி, தொண்டை காயுது" என்று என் புருஷன் வொய்தா பக்கத்துக் கடைக்கு இழுத்துப் போனான். போதும் என்பதற்கு அடையாளமாக, காலி கிளாஸ் மேல் அதன் அடியில் கிடக்கும் அட்டையை எடுத்து வைக்காவிட்டால், கடைக்காரர் கேட்காமலே அடுத்த கிளாஸைக் கொண்டுவந்து வைப்பார். சுரங்கத்தில் நிலக்கரி வெட்டி, வேலை முடிந்ததும் குடித்தே பழகிய மனுஷனுக்கு இது தெரியாதா? வைக்கவில்லை.

"யோவ், மணியாகுது, எழுந்திரு."

"நிறைஞ்ச கிளாஸை விட்டுட்டுப் போனா பாவம்டி."

"அட்டையை வச்சிருக்க வேண்டியதுதானே? கை சுளுக்கிக்கிச்சா?"

அவன் குடித்து முடித்ததும் இழுத்துக்கொண்டு ஓடினேன். நாங்கள் போய் நின்றபோது சன்னல் மூடிக்கொண்டது. மேலே பொன் சேவல் பொம்மை மட்டும் கூவியது.

"சேவலாவது கூவுச்சுல்ல?"

"சேவல் கூவுறதைக் கேக்க நம்ம கொல்லை போதும்யா."

பஸ்ஸில் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். கடையிலிருந்து என் கையோடு வந்திருந்த அட்டையை எடுத்து அவன் வாய் மேல் வைத்தேன்.